ஆளுக்கொரு படி: செயல்வழிக் கற்றலுக்கு ஓர் இரங்கல்

செயல்வழிக் கற்றல் 2003-இல் சென்னையில் பிறந்தது. 2007-இல் தமிழ்நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தது. அது முடிந்துபோனதாக எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. ஆசிரியர்கள் அதை ‘ஏபிஎல்’ என்றார்கள். பிள்ளைகளுக்கு அது வெறும் ‘அட்டை’. ஏதோ ஒரு ஏப்ரலில் அட்டைகள் பீரோவுக்குள் போயின. ஜூனில் பள்ளி திறந்தபோது யாரும் வெளியே எடுக்கவில்லை. பள்ளிக்குப் பள்ளி அந்த ஏப்ரல் வேறு வேறு. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் நாலு ஊர் தள்ளியிருப்பவர்களும் துட்டி கேட்க வருவார்கள். இதற்கு ஒருவரும் வரவில்லை. பல லட்சம் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்ற முறை அது. அதைப் பற்றிச் சொல்லவேண்டியதைச் சொல்லி வழியனுப்ப வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்து மகாராஜபுரம் சதுரகிரி மலையடிவாரத்து ஊர். திருவில்லிபுத்தூரிலிருந்து கிருஷ்ணன்கோவில் வழியாக வத்திராயிருப்பு வந்து, தாணிப்பாறைக்குப் போகிற பக்கம் இருக்கிறது. நெல், தென்னை, மா, கண்மாய்ப் பாசனம். வத்திராயிருப்பு ஒன்றியத்தில் மட்டுமல்ல, தமிழ்நாட்டின் கிராமப்புறத்தில் பெருவாரியான தொடக்கப் பள்ளிகளின் கதை ஒன்றுதான்: வகுப்பு ஐந்து, ஆசிரியர் இரண்டு. ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போய்விட்டால் அன்றைக்கு ஒருவர். ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கும்போது மூன்றாம் வகுப்பு சும்மா உட்கார்ந்திருக்கும். மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் போடும்போது ஒன்றாம் வகுப்பு ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டிருக்கும். ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கில் எழுதப்பட்ட பாடநூல்களையும் பாடவேளைகளையும் வைத்துக்கொண்டு இந்தப் பள்ளிகள் பல பத்தாண்டுகளாக ஒப்பேற்றி வந்தன. இப்படிப்பட்ட பள்ளியைக் கண்ணில் வைத்து அமைந்த ஏற்பாடு செயல்வழிக் கற்றல்.

அந்த வகுப்பறை எப்படி இருந்தது என்பதை இன்றைய பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும். சுவரைச் சுற்றி, பிள்ளை தரையில் உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில், கறுப்புப் பட்டையாகக் கரும்பலகை ஓடும். கீழ்மட்டக் கரும்பலகை என்று பெயர். ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஓர் இடம், மேலே அதன் பெயர். தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி கட்டியிருக்கும். அதுதான் கம்பிப் பந்தல். வரைந்த படம், வெட்டி ஒட்டிய காகிதம், எழுதிய கதை எல்லாம் அதில் தொங்கும். பெஞ்சு கிடையாது. பாயில் வட்டம் வட்டமாகப் பிள்ளைகள். டீச்சரைத் தேடினால் அவரும் ஏதாவது ஒரு வட்டத்தில், பாயில், பிள்ளையோடு பிள்ளையாக உட்கார்ந்திருப்பார்.

காலையில் வந்ததும் பிள்ளை தன் வருகையைத் தானே பதியும். வெயிலா மேகமா என்று பார்த்துக் காலநிலை அட்டவணையில் குறிக்கும். ஆரோக்கியச் சக்கரத்தின் முன்னால் நின்று நகம், பல், தலைமுடி பார்த்துக்கொள்ளும். பிறகு ஏணிக்குப் போகும். சுவரில் மாட்டியிருக்கும் பெரிய அட்டவணை அது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஏணி. ஏணியில் அடுக்கடுக்காகப் படிகள். ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னப் படமும் எண்ணும். நேற்று எந்தப் படியில் விட்டோம் என்று பிள்ளைக்குத் தெரியும். அதே படமும் எண்ணும் உள்ள அட்டையை அலமாரித் தட்டிலிருந்து தானே எடுக்கும். எழுத்தே தெரியாத ஐந்து வயதுப் பிள்ளையும் படத்தை வைத்துத் தன் அட்டையைக் கண்டுபிடித்துவிடும் என்பதுதான் அதில் இருந்த கெட்டிக்காரத்தனம். அந்த அட்டை எந்தக் குழுவுக்கு உரியதோ அந்தக் குழுவின் பாயில் போய் உட்கார வேண்டும். ஆசிரியர் முழுவதும் உதவுகிற குழு ஒன்று, ஓரளவு உதவுகிற குழு ஒன்று, சக மாணவர் முழுவதும் உதவுகிற குழு, ஓரளவு உதவுகிற குழு, தானே செய்கிற குழு, மதிப்பீட்டுக்கு ஒரு குழு என ஆறு. புதிதாக ஒன்றை அறிமுகம் செய்கிற அட்டை ஆசிரியரிடம் போகும். பழகுவதற்கான அட்டை தோழர்களிடம் போகும். ஒரு பகுதி முடிந்ததும் மதிப்பீட்டு அட்டை. அதில் தடுமாறினால் குறைதீர் அட்டை. தடுமாறாவிட்டால் அடுத்த படி. மணி அடித்து ‘எல்லோரும் புத்தகத்தை மூடுங்கள்’ என்று சொல்ல அங்கே வேலையே இல்லை.

இத்தனை விவரம் எதற்கென்றால், இந்த ஏற்பாட்டின் உயிர் அட்டையில் இல்லை, ஏணியில் இருந்தது. ஏணி காத்திருக்கும்.

ஆடி அமாவாசை வந்தால் சதுரகிரிக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வருவார்கள். தாணிப்பாறைப் பாதையில் கடை போடுகிற வீட்டுப் பிள்ளை நாலைந்து நாள் பள்ளிப் பக்கம் வராது. நடவு நாளில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பெண்பிள்ளையை வீட்டில் நிறுத்துவார்கள். குலசாமி கோயில் கொடை என்றால் ஒரு வாரம். அப்பன் வேலை தேடித் திருப்பூர் போனால் குடும்பமே இரண்டு மாதம் போய்த் திரும்பும். வழக்கமான வகுப்பில் இந்தப் பிள்ளை திரும்பி வருகிற நாளில் பாடம் ஏழு பக்கம் தாண்டியிருக்கும். அதற்கு முன்னால் நடந்தது அதற்குத் தெரியாது. இப்போது நடப்பது புரியாது. ஆசிரியர் நல்லவராக இருந்தாலும் முப்பது பேரை நிறுத்திவைத்து ஒருவருக்காகத் திரும்பிப் போக முடியாது. அன்றைக்குத் தொடங்குகிற பின்தங்கல் ஐந்தாம் வகுப்பு வரை கூடவே வரும். ஆறாம் வகுப்பில் உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் ‘இவனுக்கு எழுதப் படிக்கவே தெரியவில்லை’ என்று ஒருவர் கண்டுபிடிப்பார்.

அட்டை வகுப்பில் அந்தப் பிள்ளை திரும்பி வந்து, ஏணியில் தான் விட்ட படியைப் பார்த்து, அதே அட்டையை எடுத்துக்கொண்டு உட்காரும். எதையும் தவறவிட்டிருக்காது, நாலு நாள் தள்ளிப் படிக்கும், அவ்வளவுதான். ஏப்ரலில் விட்ட இடத்திலிருந்து ஜூனில் தொடங்கும். மெதுவாகப் போகிற பிள்ளைக்கு ‘மக்கு’ என்ற பெயர் வர வாய்ப்பில்லை, ஏனென்றால் பக்கத்தில் இருக்கிற பிள்ளையும் வேறொரு படியில்தான் இருக்கும். விரைவாகப் போகிற பிள்ளை மற்றவர்களுக்காகக் காத்துக் கிடக்கவும் வேண்டாம். வராத பிள்ளையைக் கணக்கில் எடுத்துக்கொண்ட ஒரு வகுப்பறையை நம் மாநிலம் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் காணவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அதை நான் மதிக்கிறேன்.

அதற்கு இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு நெஞ்சில் தைக்கும். இதை மாநிலத்துக்குக் கொண்டுவந்த எம்.பி. விஜயகுமார் ஐ.ஏ.எஸ். அதிகாரி. வேலூர் மாவட்டத்தில், கொத்தடிமை வேலையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் நடத்திய அனுபவம் அவருக்கு இருந்தது. ஒன்பது வயதில் முதன்முதலாகப் பள்ளிக்கு வருகிற பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்காரவைத்து ‘எல்லோரும் சொல்லுங்கள்’ முறையில் கற்பிக்க முடியாது. தீப்பெட்டியும் பட்டாசும் ஒட்டிய சிறுவர்களின் மாவட்டம் நம்முடையது. நாட்டின் குழந்தைத் தொழிலாளர் ஒழிப்புத் திட்டம் 1988-இல் வந்தபோது சிவகாசி அதன் முதல் களங்களில் ஒன்று. வேலைக்குப் போய்த் திரும்பிய பிள்ளை, இடையில் நின்ற பிள்ளை, வந்தும் வராமலும் இருக்கிற பிள்ளை என இவர்களை மனத்தில் வைத்து யோசித்ததன் பலன்தான் ஆளுக்கொரு படி. மதிய உணவால் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்துவந்த காமராஜர் இந்த மண்ணில் பிறந்தவர். வந்த பிள்ளைக்கு வகுப்பில் ஓர் இடம் போட்டுக்கொடுத்தது இந்த முறை.

அட்டையும் ஏணியும் ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்கில் உருவானவை. ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய பள்ளியை ஒட்டி, சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளை நடத்துவதற்காகப் பத்மநாப ராவும் ரமாவும் உருவாக்கிய முறை அது. ஒரு பள்ளிக்கு வேண்டிய அனைத்தையும் ஒரு பெட்டிக்குள் அடக்கிவிடலாம் என்று காட்டினார்கள். விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த 2003-இல் மாநகராட்சி ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்தார்கள், பயின்றார்கள், திரும்பி வந்து தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு ஏற்ப அட்டைகளைத் தாங்களே உட்கார்ந்து தயாரித்தார்கள். முதலில் 13 பள்ளிகள். பிறகு மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகள் எல்லாம். அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலப் பொறுப்புக்கு வந்தபின் ஒன்றியத்துக்குப் பத்துப் பள்ளி, அடுத்த ஆண்டே மாநிலம் முழுக்க ஏறத்தாழ 37,500 பள்ளிகள். குழந்தை கல்வி பெறும் உரிமைச் சட்டம் 2009-இல் நிறைவேறியபோது, அதன் 29-ஆம் பிரிவு செயல்பாடுகள் வழியாகவும் கண்டறிதல் வழியாகவும் குழந்தையை மையமாக வைத்துக் கற்பிக்கச் சொன்னது. அதைத் தமிழ்நாடு இரண்டு வருசம் முன்பே எல்லாத் தொடக்கப் பள்ளிகளிலும் தொடங்கியிருந்தது.

பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகியவர்களும், சட்டாம்பிள்ளையிடம் முறை சொல்லி ஒப்பித்தவர்களும் நம் முன்னோர்கள். சென்னை எழும்பூரில் 1789 முதல் ஆதரவற்ற சிறுவர் இல்லத்துப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். பெரிய பையன்களைச் சின்னப் பையன்களுக்கு ஆசிரியர்களாக்கினார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி அவர் வெளியிட்ட நூலுக்குப் பின் அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரிலேயே இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் பரவியது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பெல்லின் பள்ளியில் சட்டாம்பிள்ளை எப்போதும் சட்டாம்பிள்ளைதான். அட்டை வகுப்பில் தமிழில் உதவி கேட்கிற பிள்ளை கணக்கில் உதவி செய்யும். மூன்றாம் வகுப்புப் பெண் ஒன்றாம் வகுப்புத் தம்பிக்குச் சொல்லிக்கொடுப்பாள். நாளைக்கு அதே பாயில் அவளைவிடச் சின்னவள் ஒருத்தி அவளுக்கு ஒன்றைக் காட்டுவாள். பிரம்பு தூக்கிக் கட்டுப்படுத்துகிற அதிகாரம் யாரிடமும் இல்லை.

தமிழ் கற்பித்த விதத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அ, ஆ என்று வரிசையில் தொடங்காமல், எழுத எளிதான ட, ப, ம போன்ற எழுத்துகளில் தொடங்கினார்கள். கோடு கோடாக இழுத்தால் வந்துவிடுகிற எழுத்துகள். மூன்று நான்கு எழுத்து தெரிந்ததுமே படம், மடம், பட்டம் என்று சொல் படித்துவிடலாம். படிக்க முடிகிறது என்ற தெம்பு ஒரு பிள்ளைக்கு முதல் மாதத்திலேயே வந்துவிடும். கணக்கில் புளியமுத்தும் குச்சிக்கட்டும் மணிச்சட்டமும். பத்துக் குச்சியைச் சேர்த்து ஒரு கட்டாகக் கட்டிய கைக்கு இடமதிப்பு என்னவென்று தனியாக விளக்கவேண்டியதில்லை. மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்ததிலிருந்து சென்னையின் வசதியான வீட்டுப் பிள்ளைகள் சிலருக்குக் கிடைத்துவந்த ஒன்று, கையால் தொட்டுக் கற்பது, அறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்து மகாராஜபுரம் பக்கத்துக் கூலிக்காரர் பிள்ளைக்கும் கிடைத்தது. இலவசமாக, தாய்மொழியில், நடந்து போகிற தூரத்தில்.

குறைகள் இருந்தன. இறந்துபோனதற்காக அதை மறைக்கத் தேவையில்லை. கதை சொல்லுகிற ஆசிரியர்களுக்கு அந்த வகுப்பறையில் இடம் குறைந்துபோனது. எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு கதையைக் கேட்டு, சிரித்து, விவாதிக்கிற நேரம் ஒரு தொடக்கப் பள்ளியின் பெரிய சொத்து. அட்டை வகுப்பு அதை ஓரங்கட்டியது. மொழி துண்டு துண்டாகப் பிரிந்து அட்டைகளுக்குள் போனது. சில பிள்ளைகள் படத்தையும் எண்ணையும் பார்த்து வேகவேகமாகப் படி ஏறினார்கள். கேட்டுப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இறங்கியிருக்காது. நாற்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்றால் மதிப்பீட்டு அட்டையோடு வரிசையில் நிற்கிற பிள்ளைக்கு முறை வருவதற்குள் மதிய உணவு மணி வந்துவிடும். அகரவரிசை தெரியாமல் பிள்ளை இரண்டாம் வகுப்புக்குப் போகிறதே என்று தமிழாசிரியர்கள் சிலர் வருந்தினார்கள். அந்த வருத்தத்திலும் நியாயம் இருந்தது. நன்றாகக் கற்பிக்கத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் தன் வழியை விட்டுவிட்டு ஏணிப்படி நடந்தே தீரவேண்டும் என்று நெருக்கப்பட்டது பெரும் பிழை.

இவை எல்லாம் சரிசெய்யக்கூடிய குறைகள். அது இவற்றால் சாகவில்லை.

அது சாகத் தொடங்கியது அது வென்ற ஆண்டில்தான் என்பது என் முடிவு. 2003-இன் 13 பள்ளிகளில் அட்டையைச் செய்தவரும் அட்டையை வைத்துக் கற்பித்தவரும் ஒரே ஆட்கள். ஒரு படி பிள்ளைகளுக்கு ஒத்துவரவில்லை என்றால் மறுநாள் அதை மாற்றுகிற உரிமை அவர்களுக்கு இருந்தது. 2007-இல் வத்திராயிருப்பு வட்டார வள மையத்துக்கு அட்டைகள் அச்சாகி, கட்டுக்கட்டாக வந்தன. ஆசிரியர்களுக்குச் சில நாள் பயிற்சி. பெஞ்சைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டுப் பாயை விரிக்கச் சொல்லி உத்தரவு. கீழ்மட்டக் கரும்பலகை அடித்தாகிவிட்டதா, கம்பி கட்டியாகிவிட்டதா என்று பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். ஏன் கட்ட வேண்டும் என்பதைப் பேச நேரம் இல்லை. ஒரு கருத்தைப் பத்து வருசம் வளர விட்டிருந்தால் பள்ளிக்குப் பள்ளி வேறு வேறாக வேர் பிடித்திருக்கும். ஒரே ஜூனில் 37,500 பள்ளிகளில் நட்டார்கள். விதைத்தவர் மாறுதலாகிப் போனதும் தண்ணீர் விட ஆள் இல்லை.

கொலம்பியாவில் இதற்கு ஓர் அக்காள் உண்டு. 1970-களின் நடுவில் விக்கி கோல்பெர்ட்டும் அவருடைய தோழர்களும் ஊரகப் பள்ளிகளுக்காகத் தொடங்கிய ‘எஸ்குவேலா நுவேவா’. அதுவும் ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளுக்கானது. அங்கேயும் பிள்ளை தன் வேகத்தில் கற்றல் கையேடுகளில் முன்னேறும். அறுவடைக்குப் போன பிள்ளை விட்ட இடத்தில் தொடரும். அரசு அவசரமாக அதை நாடெங்கும் விரித்தபோது அங்கேயும் அது மெலிந்தது. ஆனால் சாகவில்லை. பக்கத்துப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஓரிடத்தில் கூடித் தங்கள் கையேடுகளைத் தாங்களே பேசித் திருத்திக்கொள்கிற சிறு மையங்கள் அதற்கு இருந்தன. அந்த முறையை வளர்த்ததற்காகக் கோல்பெர்ட்டுக்கு 2017-இல் யிடான் பரிசு கிடைத்தது. நம்மிடமும் மாதம் ஒரு சனிக்கிழமை குறுவள மையக் கூட்டம் நடந்தது. அங்கே சுற்றறிக்கைகள் வாசிக்கப்பட்டன. அட்டைகள் திருத்தப்படவில்லை.

பிறகு மாற்றங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்தன. 2010-இல் சமச்சீர்க் கல்வி தொடங்கிப் பாடநூல் மாறியது. ஏணியும் அட்டையும் அதற்கேற்ப மாற வேண்டியிருந்தது. 2012-இல் முப்பருவ முறை. புத்தகம் மூன்றாகப் பிரிந்தது. பருவம் முடிவதற்குள் பருவப் புத்தகம் முடிய வேண்டும் என்றால் ஏணி எப்படிக் காத்திருக்கும்? தொடர் மதிப்பீட்டுப் பதிவேடுகள் வந்தன. ஆசிரியர் பாயிலிருந்து எழுந்து மேசைக்குப் போனார். முறையைச் சுருக்கி எளிமையாக்கினார்கள். 2018-இல் மறுபடியும் புதிய பாடநூல்கள். அட்டை என்பது பிள்ளைகள் தினமும் கையால் எடுத்து வைக்கிற பொருள். ஓரம் மடங்கும், கிழியும், தொலையும். ஏணியில் ஒரு படிக்கு உரிய அட்டை இல்லையென்றால் அந்தப் படியில் நிற்கிற பிள்ளை மேலே போக முடியாது. புதிய அட்டை வரத்து குறையக் குறைய ஆசிரியர் புத்தகத்தைத் திறந்தார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. ஆங்கில வழி நர்சரிப் பள்ளியின் மஞ்சள் வேன் ஊருக்குள் வந்து நின்றது. அந்தப் பிள்ளை டை கட்டியிருந்தது, மூன்று நோட்டு நிறைய வீட்டுப்பாடம் கொண்டுவந்தது. நம் பிள்ளையோ தரையில் உட்கார்ந்து அட்டையை வைத்து விளையாடிவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தது. “பள்ளிக்கூடத்துல என்ன படிச்ச?” என்று கேட்டால் ‘இருபத்திரண்டாவது அட்டை’ என்றது. கூலி வேலை பார்த்துப் பிள்ளையைப் படிக்கவைக்கிறவர்களுக்கு அதை யாராவது உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும். பெற்றோரைக் கூட்டி, ஏணியைக் காட்டி, உங்கள் மகள் இங்கே இருந்தாள், இப்போது இங்கே இருக்கிறாள் என்று விரல் வைத்துச் சொல்லியிருந்தால் போதும். அப்படிச் செய்த பள்ளிகள் சில உண்டு. அங்கே சேர்க்கை அவ்வளவு சரியவில்லை என்பதை நான் பார்த்திருக்கிறேன். 2013-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குள்ளேயும் ஆங்கில வழிப் பிரிவு வந்தபோது பேச்சே மாறிப்போனது. எந்த மொழியில் என்று கேட்டார்கள். எப்படி என்று கேட்பது நின்றது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது. நம் கல்வித் துறைக்கு முப்பது பிள்ளைகள் முப்பது இடத்தில் நிற்பதைத் தாங்க முடியாது. பார்வைக்கு வருகிற அதிகாரி கேட்கிற முதல் கேள்வி ‘இன்று என்ன பாடம்?’ என்பது. அட்டை வகுப்பில் அதற்கு ஒற்றைப் பதில் கிடையாது. எந்தப் பக்கம் வரை முடித்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்கும் பதில் இல்லை. தேர்வு, ஆய்வு, அட்டவணை, அறிக்கை ஆகிய எல்லாமே அனைவரும் ஒரே பக்கத்தில் இருப்பதாக எண்ணிக்கொண்டுதான் நடக்கின்றன. 2019-இல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அரசு அறிவித்தது. எதிர்ப்பு வலுத்து 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. பத்து வயதுப் பிள்ளையை ஒரே நாளில், ஒரே வினாத்தாளில் அளந்துவிட வேண்டும் என்ற ஆசை எவ்வளவு ஆழமானது என்பதற்கு அந்த ஐந்து மாதங்களே சாட்சி. அந்த ஆசைக்கும் ஏணிக்கும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்த முடியாது.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடின. ஒன்று முதல் எட்டு வரை உள்ள பிள்ளைகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திரும்பி வந்தார்கள். ஒன்றரை வருசத்துக்கு மேல். தமிழ்நாட்டின் அத்தனை பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ‘வராத பிள்ளை’ ஆனார்கள். ஆளுக்கொரு படியில் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிற முறை நமக்கு மிக அதிகமாகத் தேவைப்பட்ட நாள் அது. அந்த நாளில் அது நம்மிடம் இல்லை. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பு எழுத்தே தெரியவில்லை என்று எல்லோரும் திகைத்தோம். பீரோவுக்குள் இருந்த அட்டைகளை அப்போதாவது எடுத்திருக்கலாம்.

அரசு சும்மா இருக்கவில்லை. மாலை நேரத்தில் தன்னார்வலர்கள் கற்பிக்கும் இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபரில் வந்தது. 2022 ஜூன் 13 அன்று எண்ணும் எழுத்தும் தொடங்கியது. எட்டு வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு பிள்ளையும் 2025-க்குள் பொருள் புரிந்து படிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்பது இலக்காக இருந்தது. பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். பாட்டு, கதை, பொம்மலாட்டம் எல்லாம் உண்டு. அட்டை வகுப்பில் குறைந்துபோன கூட்டுக் களிப்பு இதில் திரும்பி வந்திருக்கிறது. அதை மனமார வரவேற்கிறேன். நிலை பார்த்துக் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணம் செத்துப்போனதன் வாரிசு என்றும் சொல்லலாம். ஆனால் ஆளுக்கொரு படி இருந்த இடத்தில் இப்போது மூன்று படிகள். ஆசிரியர் கையேட்டில் இந்த வாரத்துக்கு இந்தப் பாடம் என்று போட்டிருக்கிறது. மதிப்பீட்டைக் கைப்பேசிச் செயலியில் ஏற்ற வேண்டும். மலையடிவாரத்தில் சிக்னல் கிடைக்கிற இடம் தேடி நிற்கிற ஆசிரியரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. ஆடி அமாவாசைக்குப் போய் ஐந்தாம் நாள் திரும்புகிற பிள்ளைக்கு அந்த வாரம் மறுபடியும் போனதுதான்.

செயல்வழிக் கற்றல் அப்படியே திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பாயும் கம்பியும் இல்லாமலும் அதன் நல்ல பாதி உயிரோடு இருக்க முடியும். இரண்டு காரியங்களை மட்டும் இப்போதே செய்யலாம். பழைய ஏணி அட்டவணையும் அட்டைப் பெட்டியும் இன்னும் வைத்திருக்கிற தலைமையாசிரியர்கள் அவற்றை எடைக்குப் போட்டுவிட வேண்டாம். பாளையம்பட்டியிலுள்ள நம் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் ஒரு முழுத் தொகுப்பையாவது கேட்டு வாங்கி, நாளைக்கு ஆசிரியராகப் போகிறவர்கள் தொட்டுப் பார்க்கும்படி வைக்கட்டும். அந்த வகுப்பறையை நடத்திய ஆசிரியர்கள் பலர் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள், அவர்களை அழைத்துப் பேசச் சொல்லட்டும். இரண்டாவது, இன்று வகுப்பறையில் இருக்கிற ஆசிரியர்களுக்கு. இன்னும் சில வருசத்தில் வேறொரு திட்டம் வேறொரு பெயரில் உங்கள் வட்டார வள மையத்துக்கு வரும். அதன் முதல் பயிற்சி நாளிலேயே எழுந்து கேளுங்கள்: நாலு நாள் வராமல் இருந்து திரும்புகிற பிள்ளை இதில் எங்கிருந்து தொடங்கும்?